துண்டும் தவணை அட்டையும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறிச் செல்லும் பாதையில் இருக்கிறது ஹேவாஹெட்ட. தேயிலையின் சரித்திரத்தை எழுதுவோர் இப்பகுதியை மறப்பதில்லை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர், லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டது இம்மலைகளில்தான். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தி, குழி தோண்டி, கன்று வைத்த கைகளுக்குரியவர்களின் பெயரோ எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் பெயரைத் தாங்கிய ஏடு ஒன்று இருந்திருக்குமாயின், அது கங்காணியின் கடன் கணக்காகவே இருந்திருக்கும்.

அந்தக் கடன் கணக்கின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய எண்ணுகிறோம். பழங்கதை பேசும் ஆசையால் அன்று. சென்ற ஆண்டில் நம் கைக்கு வந்த ஓர் அட்டையே இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிற்று.

நமது பள்ளியில் தரம் 10இல் படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. ஆள் அனுப்பி விசாரித்தோம். மூன்றாம் வாரம் அவளுடைய தாயார் வந்தார். கூடைக் கயிறு பதிந்த நெற்றி; கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். நான்காக மடித்த தவணை அட்டை ஒன்றை நம் மேசைமேல் வைத்தார்.

“கட்டக் கட்டக் கூடுது சேர். இது என்னா கணக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் பேசியிருப்பதை அதன் பிறகே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அட்டையில் இருந்த கணக்கு

அட்டையை விரித்துக் கணக்குப் போட்டோம். முதற் கடன் 40,000 ரூபாய். வாரத்துக்கு 1,000 ரூபாய் வீதம் 52 வாரம் கட்ட வேண்டும். ஆக 52,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு 30 என்று அட்டையின் தலைப்பில் கண்டிருந்தது.

அந்தத் தாய் 38 வாரம் தவறாமல் கட்டியிருக்கிறார். பிறகு மழை பொய்த்தது, கொழுந்து குறைந்தது, வேலைநாளும் குறைந்தது. தவணை தவறிற்று. கடன் கொடுத்தவர்கள் சினக்கவில்லை. பழைய கடனை முடித்துவிட்டுப் புதிய கடன் தருவதாகச் சொன்னார்கள். மீண்டும் 40,000 ரூபாய் என்று எழுதினார்கள். எஞ்சியிருந்த 14 தவணைக்கு 14,000 ரூபாயும், தாமதக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்ற பெயர்களில் 4,000 ரூபாயும் கழித்துக்கொண்டு, 22,000 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். இப்போது மறுபடியும் வாரத்துக்கு 1,000 ரூபாய். மறுபடியும் 52 வாரம்.

கூட்டிப் பார்ப்போம். அவர் கையில் வாங்கியது இரு தடவையும் சேர்த்து 62,000 ரூபாய். கட்டியதும் கட்டவேண்டியதும் சேர்த்து 90,000 ரூபாய். 38 வாரம் வயிற்றைக் கட்டி அடைத்தும், அட்டையில் நிற்கும் தொகை முதல் நாள் இருந்த அதே 52,000 ரூபாய்.

நூற்றுக்கு 30 என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்டின் நடுவில் ஏறக்குறையப் பாதி முதல் திரும்பிவிட்டது. ஆனால் வட்டியோ 40,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் கடனாளியின் கையிலேயே இருந்ததாகப் பாவித்துப் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் முதலின்மேல் முறையாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 50ஐயும் தாண்டும். தாமதக் கட்டணமும் ஆவணக் கட்டணமும் இதற்கு மேல்.

“சோம்பல், ஊதாரித்தனம், திருவிழாச் செலவு” என்று தோட்டத் தொழிலாளரின் கடனுக்குக் காரணம் சொல்லும் கனவான்கள் இன்றும் உளர். இவ்வட்டையில் அவற்றுள் எதைக் காண்கிறோம்? ஒழுங்காகக் கட்டிய ஒருவரின் கடன், கட்டும்போதே வளர்ந்திருப்பதைத்தான் காண்கிறோம். கட்டக் கட்ட வளரும் இக்கடன் நம் மக்களுக்குப் புதியதன்று. அவர்களுடைய பாட்டனும் முப்பாட்டனும் அதை அறிவார்கள். அதற்கு அன்று “துண்டு” என்று பெயர்.

துண்டு என்பது யாது?

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் மன்னாரைக் கடந்து மலை நாட்டுக்கு வந்தனர். அங்கும் அவர்கள் கடனற்று வாழ்ந்தவர் அல்லர். பண்ணையாளாகவும் படியாளாகவும் நிலக்கிழாரின் கடனுக்கு உடம்பை ஈடு வைத்தவர் பலர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் மேலும் பலரைப் பெயர்த்தெறிந்தது. ஊர்க்கடனிலிருந்து தப்பியோடியவனை அக்கரையில் எதிர்கொண்டதும் கடனே.

தோட்டத்துக்கு ஆள் வேண்டும். துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி அதைக்கொண்டு தன் ஊருக்கும் சுற்றத்துக்கும் போய் ஆள் சேர்ப்பான். ஊரில் இருந்த சில்லறைக் கடனை அடைத்தது, வழிச்சோறு, பயணச் செலவு, தோட்டத்துக்கு வந்ததும் வாங்கிய கம்பளி, சட்டிபானை யாவும் தொழிலாளியின் பேரில் பற்றெழுதப்படும். அவன் முதல் நாள் பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே கடனாளியாக நின்றான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை வந்தது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டது. பயணம் ஒழுங்காயிற்று, கடன் ஒழியவில்லை.

மாதந்தோறும் அரிசி தோட்டத்திலேயே கொடுக்கப்பட்டது. அதன் விலை கூலியில் பிடிக்கப்பட்டது. கூலியோ மாதக்கணக்கில் நிலுவையாக நின்றது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. அப்படி ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே அதற்கு முன் இருந்த நிலையைக் காட்டும். கூலி வரும்வரை உயிர்வாழக் கடன். கூலி வந்ததும் கடனுக்குக் கூலி. இந்த வட்டத்துக்குள் ஒரு தலைமுறை கழிந்தது.

இனித் துண்டுக்கு வருவோம். ஒரு கங்காணியின் கூட்டம் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக விரும்பினால், துரை ஒரு சிறு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார்: இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைக் கொடுத்தால் இத்தனை ஆட்களையும் விடுவிக்கத் தயார். அவ்வளவே. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். ஆள் பஞ்சத்தில் தவிக்கும் துரை ஒருவர், துண்டில் கண்ட தொகையைக் கட்டுவதோடு, அதற்கு மேலும் ஒரு தொகையை முன்பணமாகத் தருவார். பழைய தோட்டத்தின் கடன் தீரும். மிச்சம் கங்காணியின் மடியில் விழும். இரண்டும் சேர்ந்து புதிய தோட்டத்தில் கூட்டத்தின் கடனாக எழுதப்படும். அடுத்த இடமாற்றத்தில் துண்டின் தொகை இன்னும் பெரிதாகும்.

அந்தத் தாயின் தவணை அட்டையையும் இத்துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கடனைப் புதிய கடனால் அடைப்பது. இடையில் ஒரு தொகையைக் கழிப்பது. கடனாளி ஒரு சல்லி அதிகம் செலவழிக்காமலே கடன் பெரிதாவது. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் இயந்திரம் மாறவில்லை.

பெயரில்லாத வட்டி

துண்டு முறையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. துண்டில் “வட்டி” என்ற சொல் இல்லை. நூற்றுக்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. ஆயினும் கடன் வளர்ந்தது. இடமாற்றத்தில் வளர்ந்தது, அரிசி விலையில் வளர்ந்தது, படிக்கத் தெரியாதவன் பேரில் எழுதிய பற்றில் வளர்ந்தது. செட்டியாரிடம் கங்காணி பட்ட கடனுக்குரிய வட்டிப் பாரமும் கீழே இறங்கி, இறுதியில் கொழுந்து பறிப்பவளின் தோளில் அமர்ந்தது. வட்டிக்கு நூறு வேடங்கள் உண்டு.

இவ்வளவும் நடந்தது சட்டத்தின் கட்டாயத்தாலா? அதுதான் வியப்பு. தோட்டத் தொழிலாளியின் ஒப்பந்தம் சட்டப்படி மாத ஒப்பந்தம். ஒரு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு அவன் போகலாம். கடன் அதற்குத் தடையன்று. ஆனால் துண்டோ பற்றுச்சீட்டோ இல்லாதவனை வேறு எந்தத் தோட்டமும் ஏற்காது. அறிவித்தல் கொடாமல் போனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை காத்திருந்தது. சட்டம் திறந்து வைத்த கதவைத் துரைமாரின் பரஸ்பர உடன்பாடு மூடிற்று. எத்தனை பேருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரிந்திருக்கும்?

இன்னொன்று: துண்டு தனியொருவன் கடனைக் குறித்ததன்று, கூட்டத்தின் கடனைக் குறித்தது. அண்ணன் பற்றுக்குத் தம்பி பொறுப்பு. கணவன் பற்றுக்கு மனைவி பொறுப்பு. உறவே பிணையாயிற்று. இக்காலக் கடன் குழுக்களில் ஐந்து பெண்களைச் சேர்த்து, ஒருத்தி தவறினால் மற்றவர் கட்டவேண்டும் என்று விதிக்கிறார்களே, அது எங்கிருந்து வந்த ஞானம் என்று நாம் அதிசயிக்கவேண்டியதில்லை. கோப்பிக் காலத்து மலைகளில் அது பழகிப்போன வித்தை. கடன்காரன் வாசலில் வந்து நிற்கவேண்டியதில்லை. பக்கத்து லயத்துக்காரியே வந்து நிற்பாள். ஒற்றுமைக்குக் காரணமாக வேண்டிய அயலுறவு, ஒருவரையொருவர் காவல் காக்கும் உறவாகிவிடுகிறது.

வட்டி முதலை விஞ்சலாமா?

கடன் கொடுப்பதும் வட்டி வாங்குவதும் மனித சமுதாயத்தில் தொன்மையானவை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களில், பெருங்கோயிலின் பணத்தைக் கடனாக ஏற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தியதைக் காண்கிறோம். அது நூற்றுக்கு 12½ ஆகும். அங்கே கடன் வாங்கியவர்கள் நிலமுடைய சபையார். வட்டி இவ்வளவென்று ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டது. லயத்தில் வாழ்பவளுக்கு அந்த வீதமும் இல்லை, அந்தக் கல்லும் இல்லை.

கடன் எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கும் முன்னோர் எல்லை கண்டனர். ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி முதலுக்குமேற் போகக்கூடாது என்பது இந்து தர்மநூல்களின் விதி. தாம்துபட் என்ற பெயரில் இந்திய நீதிமன்றங்களும் இதை அறிந்திருந்தன. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்து, ஒல்லாந்தரால் நம் நாட்டில் வேரூன்றிய ரோமன்-டச்சுச் சட்டத்திலும் இதே விதி உண்டு. உலகின் இரு வேறு மூலைகளில் இரு வேறு மரபினர் ஒரே எல்லைக்கோட்டைக் கிழித்திருக்கிறார்கள்.

ஆனால் பழைய நீதியைக் கண்மூடிப் போற்றுவதற்கும் நாம் தயாராக இல்லை. அதே மனுநூல், மாத வட்டியைப் பிராமணனுக்கு நூற்றுக்கு 2, க்ஷத்திரியனுக்கு 3, வைசியனுக்கு 4, சூத்திரனுக்கு 5 என்று வருணப்படி வகுக்கிறது. கீழே போகப் போக வட்டி மேலே போகிறது. பெரிய வியாபாரிக்கு வங்கியில் ஒரு வீதம், கொழுந்து பறிப்பவளுக்கு வாசற்படியில் வேறொரு வீதம் என்ற இக்காலத்து ஏற்பாட்டில் அந்த மனுவின் சாயல் தெரியவில்லையா?

நவீன காலத்தில் இவ்விதியை ஏழைகளின் பக்கம் திருப்பிய சட்டங்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது, 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். இராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்தது அது. 1932 அக்டோபர் 1ஆந் தேதிக்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1ஆந் தேதி நிலுவையாக இருந்த வட்டி முழுவதையும் அது அழித்தது. முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததென்று விதித்தது. பத்திரத்தைப் புதுப்பித்திருந்தாலும், முதன்முதலில் உண்மையாகக் கைமாறிய தொகையே முதல் என்றும் அச்சட்டம் கொண்டது. வட்டியை முதலாக்கி, அந்த முதலுக்கு வட்டி போட்டு, அதையும் முதலாக்கும் தந்திரம் இந்த ஓர் ஏற்பாட்டால் முறிந்தது. நம் மாணவியின் தாயாரின் அட்டையை இந்த உரைகல்லில் உரைத்தால், இரண்டாம் 40,000 ரூபாயில் 22,000 மட்டுமே புதிய முதல்.

2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் வசூலின் கொடுமை தாங்காமல் கடனாளிகள் உயிர் மாய்த்துக்கொண்ட செய்திகள் நாட்டை உலுக்கியபோது, அம்மாநில அரசு இயற்றிய சட்டமும் முதலுக்கு மேல் வட்டி வசூலிக்கலாகாது என்றே விதித்தது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது என்று 2023இல் தெலங்கானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது வேறு கதை. தென்னாபிரிக்கா 2005இல் இயற்றிய தேசியக் கடன் சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்றது. தவணை தவறிய காலத்தில் வட்டி மட்டுமன்றி, சேவைக் கட்டணம், வசூற்செலவு, காப்புறுதிக் கட்டணம் யாவும் சேர்ந்த தொகை, தவறிய நாளில் நின்ற முதலை விஞ்சக்கூடாது என்றது. வட்டியின் நூறு வேடங்களையும் வட்டியாகவே எண்ணிய சட்டம் அது.

துண்டு எப்படி ஒழிந்தது?

துண்டைத் துரைமாரே வெறுத்தனர் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். ஆனால் அதுவே உண்மை. ஆளுக்குப் போட்டியிட்டு முன்பணத்தை உயர்த்திக்கொண்டே போனதில் அவர்களுடைய முதலும் முடங்கிற்று. 1908இல் அரசு நியமித்த தொழிலாளர் ஆணைக்குழுவும் இதை ஆராய்ந்தது. வெறுத்தார்கள், ஆராய்ந்தார்கள், விடவில்லை. சுரண்டுவோருக்கே நட்டமான முறைகூட, அதை எதிர்க்கும் சக்தி எழும்வரை தானாக விழுவதில்லை.

எதிர்ப்பு இரு கரைகளிலும் எழுந்தது. 1917இல் சென்னை அரசின் சார்பில் மார்ஜொரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தனர். இலங்கையில் சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, துண்டையும், ஒப்பந்தம் மீறியவனைச் சிறையிலிடும் தண்டனை முறையையும் ஒழிக்கப் போராடினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைச் சட்டவிரோதமாக்கியது. சிறைத்தண்டனையும் நீங்கியது. 1923இல் பொது நிதியொன்று ஏற்பட்டது. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் கணக்கில் எழுதும் வழக்கத்துக்கு அதனால் முடிவு வந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயமாயிற்று.

இந்த வரிசையை நன்கு கவனிக்கவேண்டும். கடனாளிக்குச் சிக்கனத்தைப் போதித்ததால் துண்டு ஒழியவில்லை. கடனைக் கைமாற்றும் காகிதம் சட்டவிரோதமாயிற்று. கடனுக்காக உடம்பைச் சிறையிலிடுவது நின்றது. தொழிலாளியின் தலையில் விழக்கூடாத செலவு அவன் தலையிலிருந்து இறங்கியது. கூலிக்கு ஓர் அடித்தளம் போடப்பட்டது. நான்கும் சேர்ந்தே வேலை செய்தன. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் பத்திரிகையாலும் பாட்டாலும் மேடையாலும் தொழிலாளருக்கு உரிமையை அறிவுறுத்தியது இவற்றுக்கெல்லாம் உயிரூட்டிற்று. ஏட்டில் உள்ள சட்டம் லயத்துக்கு வந்துசேர ஒரு குரல் வேண்டும்.

நான்கில் கடைசியானதற்கு இம்மண் கொடுத்த விலையும் பெரிது. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆந் தேதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். கூலி வயிற்றுக்குப் போதாதவரை கடன்காரனுக்கு வழி திறந்தே இருக்கும் என்பதை, கணக்குப் பாடம் படிக்காத அத்தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள்.

ஈடில்லாதவரின் கடன்

துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்தும் துண்டின் ஆவி திரும்பி வந்ததேன்? ஏனெனில் அதற்கு இடங்கொடுத்த வறுமை ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அந்தக் கறை சட்டத்தால் முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லயத்து அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்தும் அந்த அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர்கள் ஏராளம். பத்திரமில்லாதவனுக்கு வங்கி கடன் கொடாது. 1941இல் வந்த கடன் இணக்கச் சட்டமும் நிலத்தை ஈடுவைத்தவனுக்கே பெரிதும் துணைநின்றது. ஈடு வைக்க நிலமில்லாதவள் எங்கே போவாள்? அடகுக்கடைக்குப் போவாள், தோடும் மூக்குத்தியும் தீர்ந்த பிறகு, வாசலுக்கு வந்து சிரித்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பவரிடம் போவாள்.

நுண்கடன் என்பது தன்னளவில் தீயதன்று. 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் அதைத் தொடங்கியபோது, ஈடில்லாத ஏழைக்கும் கடன் வேண்டும் என்ற நல்லெண்ணமே முன்னின்றது. இலாபவேட்டை அதற்குள் புகுந்தபோது, ஏழையின் நாணயமே அவளைப் பிழியும் கருவியாயிற்று. இலங்கையில் 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்பெற்றுத் தவணை தவறிய பெண்களின் சுமையை அரசு ஏற்றது. தேயிலை மலைகளுக்காக வகுத்த திட்டமன்று அது. 2021 மார்ச் 8ஆந் தேதி, பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். சிங்களக் கிராமத்துத் தாயின் கையிலும் தமிழ்த் தோட்டத்துத் தாயின் கையிலும் இருப்பது ஒரே அட்டை. அன்று தனித்தனியே அவமானப்பட்டு அழுதவர்கள், ஒன்றாக உட்கார்ந்து கேள்வி கேட்டதே அச்சத்தியாக்கிரகத்தின் பெருமை.

நாம் கேட்கவேண்டிய சட்டம் எது என்பதை மேலே கண்ட வரலாறே சொல்கிறது. எப்பெயரில் வந்தாலும் வட்டியை வட்டியாக எண்ணவேண்டும். புதுப்பித்த கடனில், கையில் கொடுத்த பணம் மட்டுமே முதலாகவேண்டும். வட்டி முதலை விஞ்சும் நாளில் அது நிற்கவேண்டும். ஏழைக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் கூட்டுறவும் வங்கியும் மலையேறி வரவேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியில், கடன் வாங்காமல் மாதம் முடியும் கூலி வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? இல்லை. இருக்கும் சட்டத்திலும் ஒரு பிடி உண்டு. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் சட்டம், வட்டி மிதமிஞ்சியதாகவும் கொடுக்கல் வாங்கல் நியாயமற்றதாகவும் இருந்தால், முடிந்துபோன கணக்கையும் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் கடன்காரர் அஞ்சும் ஒரே காரியம். கட்டிய பணத்தில் வட்டிக்கு எவ்வளவு போயிற்று, முதலுக்கு எவ்வளவு போயிற்று என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். கையில் வராத பணத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை தவறினால், புதிய கடன் வேண்டாம், பழைய கடனுக்கே நாள் கொடுங்கள் என்று கேளுங்கள். தனியாகக் கேட்க அச்சமாயிருந்தால், ஐந்து பேராகப் போய்க் கேளுங்கள்; பிணைக்காகச் சேர்த்த அந்த ஐவரே கேள்விக்காகவும் சேரலாம்.

அன்று அந்தத் தாயாரிடம் கணக்கைச் சொல்லி முடித்தபோது, நமக்கே வெட்கமாக இருந்தது. வட்டிக் கணக்கு நம் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. அவருடைய மகள் அதில் நல்ல புள்ளி வாங்கியவள். ஆனால் வீட்டில் கூரைக்கடியில் செருகியிருந்த அட்டையை எடுத்து அக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழ் வகுப்பில் எத்தனையோ கடிதங்கள் எழுதப் பழக்குகிறோம். சுற்றுலா போன நண்பனுக்கு எழுதுகிறார்கள். நூலகம் வேண்டி அதிகாரிக்கு எழுதுகிறார்கள். அடுத்த வாரம் அவ்வகுப்பில் ஒரு புதிய பயிற்சி கொடுத்தோம்: கடன் கொடுத்தவருக்கு, முதலும் வட்டியும் கட்டணமும் வேறுபடுத்திய விரிவான கணக்குக் கேட்டு எழுதும் கடிதம். வகுப்பில் பாதிப் பேர் அதை வீட்டிலிருந்த அட்டையைப் பார்த்தே எழுதிவந்தனர்.

அந்த மாணவியும் எழுதினாள். தாயார் கையெழுத்திட்டு அனுப்பினார். பதில் வரச் சற்றுத் தாமதமாயிற்று. வந்தபோது தாமதக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைந்திருந்தது. கடன் தீரவில்லை, தவணை இன்னும் நடக்கிறது. ஆனால் கொழும்புப் பயணம் நின்றது. அவள் பள்ளிக்கு வருகிறாள். இப்போது லயத்தில் மற்றவர்களுடைய அட்டைகளையும் அவளே வாசித்துச் சொல்கிறாள் என்று கேள்விப்படுகிறோம்.

நூறாண்டுக்கு முன் துண்டில் எழுதியிருந்ததை வாசிக்க நம் கூட்டத்தில் ஆளில்லை. இன்று வாசிக்க ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளைப் போல லயத்துக்கு ஒருவரையாவது உருவாக்குவது நம் போன்ற ஆசிரியர்களின் பொறுப்பு.